ஆயர் என்றால் யார்?

எங்கள் ஊரின் பெயரே ஒரு சொற்பாடம். மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு. ஆயர் என்பது நீர். தாவார் என்பது உப்புக் கரிக்காத, ருசி ஏதுமற்ற தன்மை. ஆகவே சுங்கை ஆயர் தாவார் என்பதைத் தமிழிற் சொன்னால் நன்னீராறு என்று ஆகும். சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில், பெர்ணம் ஆறு கடலைத் தேடிப் போகும் சபாக் பெர்ணம் மாவட்டத்தில், உப்புக்காற்று வீசும் இந்தத் தாழ்நிலத்தில், குடிக்கத்தக்க தண்ணீர் கிடைத்த இடத்துக்கு முன்னோர் மகிழ்ச்சியோடு இட்ட பெயர் போலும் அது.

பள்ளி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கும் வழக்கம் ஒன்றை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு மாலையில், மூன்றாம் ஆண்டில் படிக்கும் பையன் ஒருவன் கண்ணன் கதையை வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்து, ஆயர்பாடி என்ற சொல்லில் நின்றான். நின்றவன் என்னைப் பார்த்து, "சார், அங்க நிறைய தண்ணியா?" என்று கேட்டான். சுற்றியிருந்த பிள்ளைகளில் ஒருவராவது சிரிக்கவில்லை. சிரிக்காததற்குக் காரணம் மரியாதை அன்று. அவர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆயர் என்றால் நீர் என்பதைச் சாலையோரப் பெயர்ப்பலகையிலும், வீட்டுக்கு வரும் தண்ணீர்க் கட்டண ரசீதிலும் நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளை வேறு எப்படி நினைக்கும்?

முப்பது வருஷங்களுக்கு முந்திய நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் "ஆயர் – இடையர்" என்று எழுதி, அதை அருஞ்சொற்பொருள் ஏட்டில் இறக்கிக்கொள்ளச் சொல்லி, மறுநாள் சொல்வதெழுதலில் கேட்டு, பிழையாக எழுதியவனை ஐந்து முறை எழுதவைத்திருப்பேன். இடையர் என்பது யார் என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு உதித்திருக்காது. தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத இன்னொரு சொல்லை விலையாகக் கொடுக்கும் இந்த வியாபாரம், நம் தமிழ்ப்பள்ளிகளில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. சொற்களஞ்சியப் பாடம் என்று நாம் மதிப்பாகப் பெயரிட்டு வைத்திருப்பதில் பெரும்பகுதி இதுவே என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்லும்போது பிறரைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். குற்றவாளிகளின் வரிசையில் முதலாவதாக நானே நிற்கிறேன்.

அன்று நான் வேறு வழியிற் போனேன். அவன் சொன்ன பொருள் சரியானதே என்றும், நம் ஊர்ப் பெயரில் உள்ள ஆயர் மலாய்ச் சொல் என்றும் முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு, செம்பனைக் காட்டுக்குள் சாயங்கால வேளையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறாரே ஒரு தாத்தா, அவர் யார் என்று கேட்டேன். ஐந்தாறு குரல்கள் அவர் பெயரைச் சொல்லின. அவரைப் போன்றவர்கள்தாம் தமிழில் ஆயர். அவர்கள் கூடி வாழ்ந்த இடம் ஆயர்பாடி என்றேன். 'ஆ' என்ற ஒற்றையெழுத்தே பசுவைக் குறிக்கும் சொல் என்று தெரிந்தபோது பிள்ளைகளுக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தை எழுத்தில் காட்ட இயலாது. பசுக்களின் கூட்டம் ஆநிரை என்று நான் சொன்னவுடன் ஒரு சிறுமி குறுக்கிட்டு, "எங்க பாட்டி கூட நெரைன்னு சொல்வாங்க சார், பால்மரம் வெட்டுற நெரை" என்றாள். எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. தொறுவாகப் போகும் மாடுகளின் வரிசைக்குப் பழந்தமிழர் வழங்கிய சொல், கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கிய மரவரிசையின் பெயராகி, அந்தத் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகும் ஒரு கிழவியின் வாயில் உயிரோடு இருந்து, இப்போது ஒரு குழந்தையின் வாய் வழியாகப் புத்தகத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

பிள்ளைகளுக்குச் சொல் கற்பிக்க வேண்டுமானால், அவர்கள் ஏற்கெனவே கொண்டுவந்திருக்கும் சொல்லிலிருந்து புறப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். அந்தச் சொல் தோட்டத்துச் சொல்லாக இருக்கலாம், மலாய்ச் சொல்லாக இருக்கலாம், வசைச் சொல்லாகவும் இருக்கலாம். வாசலில் நிறுத்திவைத்துச் சோதனை போடாமல் அதை உள்ளே அழைக்கும் வகுப்பில்தான் ஏட்டுச் சொல்லுக்கும் உட்கார இடம் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறான மனோபாவம் நம்மிடம் வேரூன்றியிருப்பதற்குச் சரித்திர காரணம் உண்டு. திண்ணைப்பள்ளிக்கூட காலத்தில் சொல்வளம் என்பது நிகண்டு மனப்பாடம். மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டைப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு உருப்போட்டார்கள். அந்த முறையை இன்று நாம் ஏளனம் செய்கிறோம். ஆனால் அதில் இரண்டு நன்மைகள் இருந்தன. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று சொற்கள் இனம் இனமாகக் கூடி நின்றன. செய்யுளாக இருந்தபடியால் ஒரு சொல் அடுத்த சொல்லைக் கைப்பிடித்து அழைத்து வந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றி, அகரவரிசை என்ற சௌகரியத்தைத் தமிழுக்குக் கொடுத்தபோதுகூட, தொகையகராதி என்று ஒரு பகுதியைத் தனியே வைத்து, இனமாகச் சேர்ந்து வரும் பொருள்களை அங்கே தொகுத்தார். பின்னால் வந்த நாம் செய்யுளையும் விட்டோம், இனத்தையும் விட்டோம், மனப்பாடத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். ஒன்றுக்கொன்று உறவில்லாத பத்துச் சொற்களைப் பாடத்தின் அடியில் அடுக்கி, எதிரே பொருள் எழுதிக் கொடுக்கும் பட்டியலுக்கு நிகண்டின் குறைகள் அத்தனையும் உண்டு. குணங்கள் ஒன்றுகூட இல்லை.

நம் நாட்டுத் தோட்டப்பள்ளிகளின் பிறப்பும் இந்தப் பட்டியல் வழக்கத்துக்குத் துணை செய்தது. பள்ளிப் பிராயத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்திற்று. சட்டத்துக்குப் பயந்து எழுந்த கொட்டகைகளில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்த இடங்கள் பல. பயிற்சி இல்லாதவருக்குக் கைகொடுக்கும் ஒரே உபாயம் எழுதிப்போட்டுப் பார்த்தெழுதச் சொல்வது. அந்த ஏழைப் பள்ளிகள் நம் பாட்டன்மாருக்கு எழுத்தறிவு கொடுத்தன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பயிற்சிக் கல்லூரிகளும் பட்டதாரி ஆசிரியர்களும் நிறைந்த இன்றும், அந்தக் கொட்டகையின் உபாயத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் என்ன இருக்கிறது?

ஒரு தென்னை மரத்தடியில் நடந்த பாடத்தைச் சொல்கிறேன். சுங்கை ஆயர் தாவார், சபாக், ஆற்றுக்கு அப்பால் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ வரைக்கும் இந்தக் கடலோரம் தென்னை நாடாக இருந்தது; கொப்பரை காயும் சூளைகளின் வாசனை என் பால்யத்தின் வாசனை. இப்பொழுதும் கோயிலுக்குப் பின்னால் நாலைந்து தென்னைகள் நிற்கின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், இந்த மரத்தில் உங்களுக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் சொல்லுங்கள் என்றேன். காய், இளநீர், ஓலை, மட்டை என்ற நான்கோடு நின்றுபோயிற்று. கீற்று, ஈர்க்கு, பாளை, குலை, குரும்பை, வழுக்கை, தேங்காய், நெற்று, கொப்பரை, நார், கொட்டாங்கச்சி என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். குரும்பையை நசுக்கிப் பார்த்தார்கள். ஈர்க்கினால் ஒருவரை ஒருவர் குத்தினார்கள். பாளையைத் தண்ணீரில் படகாக விட்டார்கள். மட்டையின் அடியிலிருந்து வலைபோன்ற நாரைப் பிய்த்தெடுத்து, இதன் பெயர் பன்னாடை என்று நான் சொன்னதும் ஒரு பையன் முகம் சிவந்தான். தோட்டத்தில் அதை வசையாக மட்டுமே அவன் கேட்டிருக்கிறான். அன்று காலையில்கூட வீட்டில் யாரோ அவனை அப்படித் திட்டியிருந்தார்கள்.

அந்த வசையின் பின்னால் ஓர் இலக்கண ஆசிரியர் நிற்கிறார் என்று அவனுக்குச் சொன்னேன். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கர்களை மூன்று தரமாக வகுத்து, அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கருக்கும், மண்ணையும் கிளியையும் இடைப்பட்டவருக்கும், ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் கடைப்பட்டவருக்கும் உவமையாக வைத்தார். நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அதன் ஸ்வபாவம். பையன் அந்த நாரைக் கையில் வாங்கி, மணல் கலந்த தண்ணீரை ஊற்றிப் பரீட்சித்துப் பார்த்தான். "நெசமாத்தான் சார்" என்றான். நானோ வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். கிளியை நடுத்தரத்தில் வைத்தாரே பவணந்தியார், சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் அந்தக் கிளியைத்தானே நம் பள்ளிகளில் முதல் மாணாக்கனாக வைத்துப் பரிசளித்து வருகிறோம்!

மேல்நாட்டு ஆராய்ச்சிகளும் இந்த அனுபவத்துக்கு அரணாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் மார்கரெட் மெக்கியோன், இசபெல் பெக் முதலியோர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஒரு சொல்லை நான்கு முறை சந்தித்த பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சொல் வரும் கதையைப் படித்து உணரும் ஆற்றல், பன்னிரண்டு முறை வெவ்வேறு விதமாகச் சந்தித்த பிள்ளைகளிடமே நன்றாக வளர்ந்திருந்தது. பொருள் தெரிதல் வேறு, வாசிப்பில் கைகொடுத்தல் வேறு என்ற இந்த வித்தியாசத்தை நாம் அறவே கவனிப்பதில்லை. ஏட்டில் ஒரு முறை எழுதி, தேர்வில் ஒரு முறை கேட்டுவிட்டால் சொல் கைவசமாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். பரீட்சை முடிந்த மறுநாள் அது நெய்யரியின் நெய்யாக ஒழுகிப் போகிறது.

எந்தச் சொல்லைக் கற்பிப்பது என்ற கேள்விக்கும் அதே பெக் அம்மையார், வேறு இருவரோடு சேர்ந்து 2002இல் எழுதிய நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அன்றாடப் பேச்சிலேயே வந்துவிடும் சொற்களுக்குப் பாடம் வேண்டாம். ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள் அந்தந்தப் பாடத்தில் வந்துகொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவில், எந்தக் கதையிலும் கட்டுரையிலும் தலைகாட்டிக்கொண்டே இருக்கும் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றின்மீது ஆசிரியர் தம் நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தமிழுக்கு இது மிகவும் பொருந்துகிறது. நம் பிள்ளைக்குப் பயம் என்ற ஒரு சொல் தெரியும். தயக்கம், திகைப்பு, நடுக்கம், கூச்சம், மிரட்சி, கலக்கம் என்று பயத்தைச் சுற்றியிருக்கும் உறவினர் யாரையும் அதற்குத் தெரியாது. கதையில் வரும் மான் திகைத்து நின்றது என்று படிக்கும்போது பயந்து நின்றது என்று எண்ணிக்கொண்டு போய்விடுகிறது. போய்விட்டால் கதையில் பாதி போயிற்று. இந்தச் சொற்களை நான் கற்பிக்கும் விதம் மிகவும் எளிது. கதையை ஓட்டம் கெடாமல் வாசித்து முடித்துவிட்டு, ஒரே ஒரு சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். புதிதாகப் பள்ளிக்கு வந்த நாளில் வாசற்படியில் நின்றாயே, உள்ளே போவதா வேண்டாமா என்று, அது தயக்கம்; வகுப்புக்குள் பாம்பு வந்த அன்று கைகால் ஓடாமல் நின்றாயே, அது திகைப்பு. இப்போது நடித்துக் காட்டு, தயக்கம் எது, திகைப்பு எது? நடித்துக் காட்டிய பிள்ளை அந்தச் சொல்லை இழப்பதில்லை.

"வாக்கியம் அமைத்திடுக" என்ற பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லின் பொருள் உள்ளே இறங்குவதற்கு முன்பே வாக்கியம் கேட்டால், பிள்ளை தன் தற்காப்புக்காக ஓர் அச்சுச் செய்து வைத்துக்கொள்கிறது; கொடுத்த சொல் எதுவானாலும் அந்த அச்சில் வார்த்துவிடுகிறது. "அம்மா கடையில் ஆவல் வாங்கினார்" என்று ஒரு குழந்தை எழுதியதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அது ஒரு விதத்தில் இலக்கணப் பிழையற்ற வாக்கியம்.

நம் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை திருக்குறள், இத்தனை பழமொழி, இத்தனை மரபுத்தொடர், இத்தனை இரட்டைக்கிளவி என்று அளந்து வைத்திருக்கிறார்கள். தமிழின் செல்வத்தில் சிறந்தது எதுவோ அதைத் தேர்ந்தெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். நோக்கத்தில் பழுது இல்லை. ஆனால் அதைக் கற்பிக்கும் முறை, மரபுத்தொடர், பொருள், ஓர் எடுத்துக்காட்டு என்ற மூன்று கட்டங்களில் முடிந்துவிடுகிறது. சலசல என்ற கிளவியை வாய்க்கால் ஓரத்தில் கேட்காத பிள்ளை, அது நீரோடும் ஒலி என்று எழுதுவதால் என்ன லாபம்? எங்கள் வட்டாரத்தில் வாய்க்காலுக்கா பஞ்சம்? ஆறாம் ஆண்டின் இறுதியில் பிள்ளைகள் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை, தேர்வுக்கு அப்படித்தான் ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று சமாதானம் சொன்னோம். 2021இல் அந்தத் தேர்வையே அரசாங்கம் எடுத்துவிட்டது. தேர்வு போன பின்பும் தேர்வுக்குரிய பயிற்சி ஏடுகள் போகவில்லை. கூண்டைத் திறந்துவிட்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பறவையைப் போல் நாம் இருக்கிறோம்.

மலாய்க்கும் தமிழுக்கும் நடுவே பிள்ளைகள் தத்தளிக்கிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் வருந்துவதைக் கேட்கிறேன். வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் அந்த இரண்டாவது மொழியே ஒரு கைவிளக்காக உதவும் சந்தர்ப்பங்களை நாம் தவறவிடுகிறோம். எங்கள் ஊருக்குத் தெற்கே, சுங்கை பெசாரையும் தாண்டினால் செக்கிஞ்சான். கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல். அங்கே வயலில் நிற்பது பாடி, மூட்டையில் இருப்பது பெராஸ், தட்டில் இருப்பது நாசி என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலேயன் மூன்றையும் ஒரே சொல்லால் அழைத்துத் திருப்தியடைந்துவிட்டான். தமிழோ மலாயைப் போலவே நெல், அரிசி, சோறு என்று பிரித்துப் பார்க்கும் மொழி. பெராஸ் தெரிந்த பிள்ளைக்கு அரிசியையும், செக்காம் தெரிந்த பிள்ளைக்கு உமியையும், டெடாக் தெரிந்த பிள்ளைக்குத் தவிட்டையும் கற்பிக்க அரை நிமிஷம் போதும்; கருத்து உள்ளே இருக்கிறது, பெயர் மட்டுமே புதிது. மலாய்க்காரர் சொல்லும் கெடாய் நம் கடை என்றும், காப்பால் நம் கப்பல் என்றும், காத்தில் நம் கட்டில் என்றும், பெத்தி நம் பெட்டி என்றும் கண்டுகொள்ளும் நாளில், பிள்ளைகள் இரண்டு மொழிகளையும் புதுக் கண்ணோடு பார்க்கிறார்கள். மலாய்ச் சொல் வாயில் வந்தவுடன் அதட்டும் ஆசிரியருக்கு இந்த மகிழ்ச்சி கிட்டாது. பால் பிடிக்கும் கோப்பையைப் பாட்டி மங்கு என்கிறாளே, அது மலாய் மங்கோக்கின் திரிபு. விளக்கு மங்குகிறது என்பது தமிழ். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இரண்டும் விளங்கும். ஒன்றை விரட்டினால் பாட்டியையும் சேர்த்து விரட்டியதாகும்.

தமிழுக்கே உரிய இன்னொரு வசதி, ஒரு வேரிலிருந்து ஒரு தோப்பே எழும்புவது. கோலசிலாங்கூர்ப் பக்கம் கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் இரவில் மொய்க்கும் மின்மினிகளைப் பார்க்க உலகத்தின் பல பாகங்களிலிருந்து மனிதர்கள் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நம் பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை. படகில் ஒரு முறை கூட்டிக்கொண்டு போனோம். இருட்டில், சத்தம் போடாமல், ஒரு மரமே மூச்சு விடுவதுபோல் மின்னி அணைவதைப் பார்த்த பின், 'மின்' என்ற ஓரசையை அடுத்த வாரம் கரும்பலகையில் எழுதினேன். மின்மினி, மின்னல், மின்னுதல், மின்சாரம், மின்விசிறி, மின்னஞ்சல், மின்னணு என்று அவர்களே அடுக்கிக்கொண்டு போனார்கள். மின்னஞ்சலுக்கும் மின்மினிக்கும் ஒரே தாய் என்று கண்டபோது ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். வேரைத் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு மின்கலம் என்று எங்காவது படித்தால் அகராதியைத் தேடாமலே பாதி தூரம் போய்விடும். பாடநூலின் கலைச்சொற்களுக்கும் இந்த வேர்வழி உதவும். 2003இல் நம் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, பத்து ஆண்டுக்குள் மறுபடியும் தமிழுக்குத் திரும்பின அல்லவா? அந்த இடைக்காலத்தில் படித்தவர்கள் இன்று தாய் தந்தையராகியிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கை, பின்னம், ஈர்ப்பு என்ற சொற்களைப் பிள்ளை கேட்டால் அவர்கள் கூகளைத் திறக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஒளி, சேர் என்ற இரண்டு சிறு சொற்களை வைத்துப் பிள்ளையே அவர்களுக்கு விளக்கும்படி செய்யலாம்.

தென்னை போய்ப் பால்மரம் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது என்பது எங்கள் வட்டாரத்தின் சரித்திரம். இந்நாட்டில் வாணிப நோக்கத்தோடு முதன்முதல் செம்பனை பயிரிட்ட தோட்டம், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் அறிந்த பெஸ்தாரி ஜெயாவின் பக்கத்திலுள்ளது. 1917இல் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே அதைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமாரம். தமிழ்க் காது உள்ள எவருக்கும் அதில் தென்னைமரம் கேட்கும். மரம் மாறிப்போயிற்று, பெயர் நின்றுவிட்டது. மரத்தோடு சேர்ந்து எத்தனை சொற்கள் போயின என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் சொன்னேன். வாரம் ஒரு சொல்லை வீட்டிலுள்ள மூத்தவரிடமிருந்து வாங்கி வரவேண்டும் என்பது நான் கொடுத்த ஒரே வீட்டுப்பாடம். பெரட்டு, தண்டல், காண்டா, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை, லயம் என்று வந்து குவிந்தன. சொல்லைக் கேட்கப் போன பிள்ளை அதனோடு ஒரு கதையையும் கேட்டுக்கொண்டு வந்தது; விடியற்காலை இருட்டில் பெயர் கூப்பிடும் களத்தில் நின்ற கொள்ளுப்பாட்டியின் கதை இல்லாமல் பெரட்டு என்ற சொல்லை யாரும் கொடுக்கவில்லை.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிய சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, 1963இல் வெளியிட்ட தம் நூலில் இதைப்போன்ற முறை ஒன்றை விவரிக்கிறார். தூர தேசத்துப் பாடநூலின் சொற்கள் தம் மாணவர்களிடம் ஒட்டாததைக் கண்ட அவர், ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டிய சொல்லைக் கேட்கச் சொல்லி, அதைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் பார்த்தவுடன் வாசிக்க முடிந்த அட்டை அந்தக் குழந்தைக்குச் சொந்தம். வாசிக்க முடியாததை, இது உன் சொல் அல்ல என்று எடுத்துவிடுவார். அச்சமும் அன்பும் சேர்ந்த சொற்களே நிலைத்தன என்பது அவர் கண்ட உண்மை. அதே 1963இல், பிரேசில் நாட்டின் ஆன்ஜிக்கோஸ் என்ற ஊரில் பவுலோ ஃபிரெய்ரே சுமார் 300 தொழிலாளிகளுக்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்ததும், அவர்களுடைய உழைப்பிலிருந்து பொறுக்கியெடுத்த சொற்களைக் கொண்டுதான். அவர்கள் உழைப்புக்கும் ரப்பர்த் தோட்டத்து உழைப்புக்கும் தூரம் அதிகம் இல்லை.

ஆஷ்டன்-வார்னரின் அட்டைக்குப் பதில் எங்களிடம் மைலோ டின் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலி டின். தான் பிடித்த சொல்லைச் சீட்டில் எழுதி, பின்பக்கத்தில் படமோ குறிப்போ போட்டு உள்ளே போடவேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் டின்னைக் கவிழ்த்து, வந்து விழும் சீட்டை எடுத்து, அதைப் பேச்சில் வைத்து ஒரு செய்தி சொல்லவேண்டும். சொல்ல முடிந்தால் சீட்டு உள்ளே. முடியாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஏலம். பெக்கும் மெக்கியோனும் கேட்ட பன்னிரண்டு சந்திப்பும் இந்தத் தகர டின்னில் செலவில்லாமல் நடந்துவிடுகின்றன. முதலாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதால் பெரியவன் சொல்லைச் சின்னவன் ஏலத்தில் எடுக்கிறான். மாணவர் குறைந்து இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக நடத்தும் பள்ளிகள் தங்கள் நிலையைப் பெருங்குறையாக எண்ணி வாடுகின்றன, ஆனால் சொற்பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

நேரம் எங்கே இருக்கிறது என்று இளைய ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். பதிவேடுகளும் கணினியில் ஏற்றவேண்டிய விவரங்களும் அவர்களுடைய பகலைத் தின்பதை நான் அறிவேன். நான் கேட்பது நாளுக்குப் பத்து நிமிஷம். அதுவும் புதிதாகக் கேட்கவில்லை, அருஞ்சொற்பொருளைப் பார்த்தெழுதும் பத்து நிமிஷத்தைத்தான் கேட்கிறேன். வாரத்துக்குப் பத்துச் சொல்லை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளட்டும். அந்த ஐந்தும் பிள்ளையின் வாயில் ஆண்டு முழுவதும் புழங்கட்டும். தலைமையாசிரியர்கள் சொல்வதெழுதல் மதிப்பெண்ணைக் கொண்டு வகுப்பை அளக்காமல், ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு பேசிப் பார்க்கட்டும். பெற்றோரிடம் கேட்பது இன்னும் குறைவு: பாட்டி பேசும்போது தொலைபேசியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை அந்த மூன்றாம் ஆண்டுப் பையனின் டின்னிலிருந்து விழுந்த சீட்டில் ஆயர் என்று எழுதியிருந்தது. பின்பக்கத்தில் ஒரு மாட்டின் படமும், மாட்டின் காலடியில் நீலக் கலரில் நெளிநெளியாய்த் தண்ணீரும் வரைந்திருந்தான். எது சரி என்று நான் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணி வேணாமா சார் என்று கேட்டுவிட்டு, சீட்டை மடித்து உள்ளே போட்டுக்கொண்டான்.